ஏசி கெப்பாசிட்டர்: எண்ணைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்

கோடைக்காலத்து ஏசி ரிப்பேர் பில்களில் அடிக்கடி தென்படும் ஒரு வரி உண்டு. "கெப்பாசிட்டர் – 1". அவ்வளவுதான். எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட், பழையது ஏன் போனது, ஒன்றும் இருக்காது. மளிகைக் கடைக்காரர் "பருப்பு – 1" என்று எழுதிக் கொடுத்தால் சும்மா விடுவோமா? துவரையா உளுந்தா, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கேட்டுவிட மாட்டோமா? ஏசி விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. வெயில் அப்படி. குளிர்ந்த காற்று வந்தால் போதும், கும்பிடு போட்டுக் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஏசி மோட்டாருக்கு எந்தக் கெப்பாசிட்டர் போட வேண்டும் என்பதை அந்த மோட்டாரைச் செய்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்து எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடையில் இருக்கும் சரக்கோ, மெக்கானிக் பையில் மிச்சமிருக்கும் டப்பாவோ, "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும் சார்" என்ற நம்பிக்கையோ அதை மாற்றக் கூடாது. அந்த எண் என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

பாடப் புத்தகத்தில் இதன் பெயர் மின்தேக்கி. கடைத்தெருவில் கெப்பாசிட்டர். பழைய எலக்ட்ரீஷியன்களிடம் போனால் "கண்டன்சர்". சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் "கண்டன்சர் வீக்" என்பார்கள் இல்லையா, அதே சாமான்தான். வில்லங்கம் என்னவென்றால், ஏசியில் கண்டன்சர் என்று வேறொன்றும் இருக்கிறது. வெளியே இருக்கும் யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் அந்தப் பெரிய காயிலுக்கும் அதே பெயர். முதல் கண்டன்சர் சில நூறு ரூபாய். இரண்டாவது பல ஆயிரம். "கண்டன்சர் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எந்தக் கண்டன்சர் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது பர்ஸுக்கு நல்லது. :-)

நான் இங்கே பேசுவது பழைய வகை ஏசிகளைப் பற்றி. அதாவது கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும், இன்வெர்ட்டர் இல்லாத விண்டோ, ஸ்பிளிட் ஏசிகள். இன்வெர்ட்டர் ஏசியின் கதை வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அது என்னதான் செய்கிறது?

நம் வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இதை ஒரு மோட்டார் சுருளில் கொடுத்தால் உண்டாகும் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஆடுமே தவிரச் சுழலாது. சைக்கிள் பெடலை நேர் உச்சியில் நிறுத்திவிட்டு மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராதல்லவா, அந்தக் கதைதான். கொஞ்சம் தள்ளி, வேறு கோணத்திலிருந்து இன்னொரு உந்துதல் வேண்டும்.

அந்த இரண்டாவது உந்துதலைத் தருவதற்கு மோட்டாருக்குள் துணைச் சுருள் ஒன்று இருக்கிறது. அதனோடு தொடராகக் கெப்பாசிட்டரை இணைத்தால் அந்தச் சுருளின் மின்னோட்டம் முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தை விட நேரத்தில் முந்திப் போகும். இரண்டு சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்க, காந்தப்புலம் சுழல ஆரம்பிக்கும். மோட்டார் கிளம்பும். ஏசியில் இந்தக் கெப்பாசிட்டர் கிளப்பிவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை. மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் கூடவே உழைக்கிறது. அதனால்தான் ரன் கெப்பாசிட்டர் என்று பெயர்.

அது செத்துவிட்டால் என்ன ஆகும்? கம்ப்ரசர் "ம்ம்ம்ம்" என்று முனகும். சில நொடிகளில் சூடேறி, ஓவர்லோடு "டக்" என்று துண்டித்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி முனகல், மறுபடி டக். வெளியே இருக்கும் ஃபேனுடைய கெப்பாசிட்டர் போனால் ஃபேன் நிற்கும். ஓடுகிற யூனிட்டில் குச்சியை விட்டுத் தள்ளினால் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கரண்ட் இருக்கும் யூனிட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை அது.

கவனியுங்கள். கம்ப்ரசர் உண்மையிலேயே இறுகிப் போயிருந்தாலும் இதே முனகல்தான், இதே டக்தான். கெப்பாசிட்டரை அளந்து பார்க்காமலே "கம்ப்ரசர் ஜாம், மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால் அவர் பாதிச் சோதனைதான் செய்திருக்கிறார். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் முடிவது இந்த இடத்தில்தான்.

பார்க்க வேண்டிய எண்கள்

முதல் எண் மைக்ரோஃபாரட். கடையில் "எம்எஃப்டி" அல்லது வெறும் "மைக்ரோ" என்பார்கள். ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசருக்கு 36, 40, 45, 50 என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஃபேன் மோட்டாருக்கு 2 முதல் 6 வரை. இது கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும். "ஒன்றரை டன்னா, அப்ப 50 போடு" என்று டன்னை வைத்து முடிவு செய்வது செருப்புக் கடையில் வயதைச் சொல்லிச் செருப்பு வாங்குவது மாதிரி. அந்தச் சுருளில் எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன் கம்பி என்பதைக் கணக்கிட்டுத்தான் கெப்பாசிட்டர் எண்ணை முடிவு செய்கிறார்கள். யூனிட்டின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் வயரிங் படத்திலோ, பெயர்ப் பலகையிலோ, பழைய கெப்பாசிட்டர் மீதோ அந்த எண் இருக்கும். பழைய கெப்பாசிட்டரை மட்டும் நம்புவது கொஞ்சம் ஆபத்து. போன தடவை வந்தவர் தப்பான எண்ணைப் போட்டிருந்தால் அதையே நாம் காப்பி அடிப்போம்.

எண்ணுக்குப் பக்கத்தில் ±5% என்று போட்டிருக்கும். 36 என்று எழுதிய டப்பா 34.2 முதல் 37.8 வரை எது காட்டினாலும் சரி. அதற்குக் கீழே போய்விட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தேய்வது எப்படி? இதற்குள் இருப்பது மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலம், அதன் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளியில் மின்சாரம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகி, புள்ளி தனிமைப்பட்டுவிடும். தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் கெப்பாசிட்டர்! ஆனால் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு துளிப் பரப்பு போகிறது. சூடு, அதிக வோல்டேஜ், வருடங்கள் எல்லாம் சேர்ந்து 36 என்பது 33 ஆகி, 28 ஆகி, ஒருநாள் மே மாத மதியத்தில் கைவிரிக்கிறது.

இரண்டாவது எண் வோல்ட். "வீட்டு லைன் 230தானே, 250 வோல்ட் கெப்பாசிட்டர் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. துணைச் சுருளும் கெப்பாசிட்டரும் தொடரில் இருப்பதால், மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே லைன் வோல்டேஜைவிட அதிகமாகவே நிற்கும். 300-ஐத் தாண்டி 400-ஐ நெருங்குவதும் சாதாரணம். அதனால்தான் 370, 440, 450 என்று அச்சடிக்கிறார்கள். இங்கே விதி எளிது. சமமாகவோ அதிகமாகவோ போகலாம், குறைவாகப் போகக் கூடாது. 370 இருந்த இடத்தில் 440 தாராளமாகப் போடலாம். 440 இருந்த இடத்தில் 370 போட்டால் ஆயுள் குறையும்.

ஆக, மைக்ரோஃபாரட்டில் சமம், வோல்ட்டில் சமம் அல்லது மேலே. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்தாலே போதும். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மைக்ரோவை ஏற்றிப் போடுகிறார்கள், வோல்ட்டைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, வகை. கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் "88–108" மாதிரி ஓர் இடைவெளியாக எண் எழுதியிருந்தால் அது ஸ்டார்ட் கெப்பாசிட்டர். எலக்ட்ரோலைட்டிக் வகை. மோட்டாரைக் கிளப்பும் ஓரிரு நொடிகளுக்கு மட்டும் செய்யப்பட்டது. பிறகு ஒரு ரிலே அதைத் துண்டித்துவிடும். அதைத் தொடர்ந்து ஓடும் இடத்தில் போட்டால் சூடேறி வீங்கி வெடிக்கும். அதேபோல, "450 வோல்ட்" என்று எழுதியிருந்தாலும் அது டிசி வோல்ட் என்றால் இங்கே வேலைக்கு ஆகாது. வாங்கும்போது இது மோட்டார் ரன் கெப்பாசிட்டர்தானா என்று கேட்டே ஆக வேண்டும்.

நான்காவது, யாரும் படிக்காத பொடி எழுத்து. "25/70/21" அல்லது "40/85/21" என்று இருக்கும். முதல் எண் எவ்வளவு குளிர் தாங்கும், அதாவது மைனஸ் 25 அல்லது மைனஸ் 40 டிகிரி. அது லே-லடாக் காரர்களுக்குப் பயன்படும். :-) நடு எண்தான் நமக்கு. 70 டிகிரி தாங்குமா, 85 டிகிரி தாங்குமா? மொட்டை மாடியில், மேற்கு வெயிலில், சூடான காற்றைக் கக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் உட்காரப் போகும் சாமானுக்கு 85 போட்டதைத் தேடி வாங்குவது வீண் செலவு இல்லை. மூன்றாவது எண் எத்தனை நாள் ஈரப்பதச் சோதனையில் தாங்கியது என்பது. 21 நாள்.

அதே பொடி எழுத்தில் வகுப்பு என்று ஓர் எழுத்தும் இருக்கும். சர்வதேசத் தரப்படி ஏ வகுப்புக்கு எதிர்பார்க்கும் ஆயுள் 30,000 மணி நேரம், பி என்றால் 10,000, சி என்றால் 3,000, டி என்றால் 1,000. ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 150 நாள் ஏசி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 மணி நேரம். பி வகுப்பு ஆறரை வருடம் வரும். சி வகுப்பு இரண்டே வருடம். "போன வருஷத்துக்கு முன்னாடி வருஷம்தானே மாத்தினோம்" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்த ஒரே ஓர் எழுத்து இருக்கக்கூடும். சில டப்பாக்களில் 400 வோல்ட்டுக்கு பி, 450 வோல்ட்டுக்கு சி என்று இரண்டு வரியும் இருக்கும். அதே சாமான், வோல்டேஜ் ஏறினால் ஆயுள் இறங்குகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. வோல்ட்டில் மேலே போவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இந்தியாவில் மோட்டார் கெப்பாசிட்டர்களுக்கு ஐஎஸ் 2993 என்ற தரமும் உண்டு. இதெல்லாம் ஒன்றுமே அச்சடிக்காமல், வெறும் கலர் ஸ்டிக்கரோடு பளபளவென்று இருக்கும் டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

"பெருசா போட்டா நல்லா இழுக்கும்"

இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சும்மா வந்ததில்லை. நம் ஊர் லோ வோல்டேஜிலிருந்து வந்தது.

இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரவு எட்டு மணிக்கு 190 வந்தால், 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், சுமார் 0.68. கிளம்பும் விசையில் மூன்றில் ஒரு பங்கு காலி. கம்ப்ரசர் திணறும். மெக்கானிக் வந்து 36-ஐக் கழற்றி 50 போடுவார். கிளம்பிவிடும். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், மெக்கானிக்குக் கைராசிக்காரர் என்ற பெயர். "பெருசா போட்டா இழுக்கும்" என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆனால் கிளம்புவது ஒரு நொடி. ஓடுவது இரவு முழுக்க. கெப்பாசிட்டர் பெரியதானால் துணைச் சுருளில் பாயும் மின்னோட்டமும் அதிகம். அந்தச் சுருளின் கம்பி அதற்காகத் தேர்ந்தெடுத்ததல்ல. மணிக்கணக்கில் சூடேறி, கம்பி மேல் பூசிய இனாமல் மெல்ல மெல்லக் கருகும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துச் சுருள் எரியும்போது இந்த 50-ஐ யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். "பழைய மெஷின் சார், ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்று கதை முடியும். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. சீலிங் ஃபேனில் 2.5 இருந்த இடத்தில் 3.15 போட்டு வேகம் கூட்டுகிற வித்தையும் இதே ஜாதிதான். ஃபேன் மோட்டார் மலிவு, யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஏசி கம்ப்ரசர் அப்படியா?

லோ வோல்டேஜ்தான் நோய் என்றால் மருந்து ஸ்டெபிலைசர். அல்லது கம்ப்ரசருக்கு ஏற்ற ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ரிலேவும் சேர்ந்த கிட் ஒன்றைப் போடலாம். அது கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காய்ச்சலுக்குத் தினமும் இரண்டு மடங்கு மாத்திரை விழுங்குவது மருத்துவம் ஆகாது.

சின்னதாகப் போட்டாலும் தொல்லைதான். கிளம்பும் விசை குறையும், முதன்மைச் சுருள் அதிக பாரம் சுமக்கும், ஓவர்லோடு அடிக்கடி துண்டிக்கும்.

"36 கிடைக்கல சார், 40தான் இருக்கு"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது நிஜமான பிரச்சினை. 36-க்கு 40 என்பது 11 சதவீதம் அதிகம். ±5% என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. ஓடாதா என்றால் ஓடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாதது போலவே ஓடும். இருந்தாலும் இதைவிட நல்ல வழி பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பக்க இணைப்பில் மின்தேக்கிகள் கூடும். ஒரு 30-ஐயும் ஒரு 6-ஐயும் பக்க இணைப்பில் போட்டால் கச்சிதமாக 36. இரண்டுமே 440 வோல்ட் ரன் கெப்பாசிட்டராக இருக்க வேண்டும், இரண்டையும் ஆடாமல் பொருத்த இடம் வேண்டும், அவ்வளவுதான். தொடராக இணைத்துவிடக் கூடாது. தொடரில் குறைந்துபோகும். 30-ம் 6-ம் தொடரில் வெறும் 5.

இதே மாதிரி, கம்ப்ரசருக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் "36+4" என்று மூன்று முனையோடு வரும் கெப்பாசிட்டர் கிடைக்கவில்லை என்றால், தனித்தனியாக 36 ஒன்றும் 4 ஒன்றும் வாங்கிப் பொது முனையை மட்டும் இணைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று முனைகளில் ஒன்று பொது, ஒன்று கம்ப்ரசர், ஒன்று ஃபேன். கழற்றும் முன் செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாற்றிச் சொருகினால் 4 மைக்ரோ கேட்ட ஃபேன் சுருளுக்கு 36 போகும். அதன்பின் ஃபேன் மோட்டாரை ரீவைண்டிங் கடையில்தான் பார்க்க வேண்டும்.

அளக்காமல் மாற்றக் கூடாது

தலை வீங்கிய கெப்பாசிட்டர் செத்தது, சந்தேகம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி மேலே எழும்பி உள் இணைப்பை அறுத்துக்கொள்ளும்படி பல டப்பாக்களைச் செய்கிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். இடுக்கில் திணித்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. ஆனால் தலை தட்டையாக இருப்பதால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. மீட்டர்தான் சொல்ல வேண்டும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இன்று பெரிய விலை இல்லை. சில மலிவு மீட்டர்கள் 20 மைக்ரோ வரைதான் அளக்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

கழற்றாமலே, ஓடும்போதே கணக்குப் போடும் வழியும் உண்டு. துணைச் சுருளுக்குப் போகும் வயரில் டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் பார்க்க வேண்டும், கெப்பாசிட்டரின் இரு முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட். உதாரணம், 4.4 ஆம்பியர், 390 வோல்ட். விடை 35.9. கெப்பாசிட்டர் நலம். இது உயிருள்ள வயரில் செய்யும் வேலை என்பதால் பழகிய மெக்கானிக்குக்கு மட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் இந்த எண்ணை 2652 என்று சொல்வார்கள். அவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு அது சரி. நமக்கு 50 ஹெர்ட்ஸ். அந்த 2652-ஐ இங்கே போட்டால் நல்ல 36 கூட 30 என்று காட்டும். நல்ல சாமானைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம். எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் கடன் வாங்கினால் இதுதான் கதி.

உயிர் விஷயம்

இவ்வளவு எழுதினேன் என்பதற்காக யாரும் ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக்கு ஓட வேண்டாம். 390 வோல்ட்டில் இருக்கும் 36 மைக்ரோ கெப்பாசிட்டர், உச்சத்தில் சுமார் 550 வோல்ட்டும் 5 ஜூலுக்கு மேல் ஆற்றலும் வைத்திருக்கும். சுவிட்சை அணைத்ததும் பெரும்பாலும் சுருள்கள் வழியாக வடிந்துவிடும். ஆனால் ஒரு வயர் கழன்றிருந்தால், ஒரு சுருள் அறுந்திருந்தால் வடிய வழியில்லை. பார்த்துச் சொல்லவும் முடியாது. மூன்றாவது மாடி வெளிச்சுவரில், இரும்பு பிராக்கெட் மேல் ஒரு காலும் ஜன்னல் சன்ஷேடில் ஒரு காலுமாக நிற்பவருக்கு ஷாக் அடித்தே உயிர் போக வேண்டும் என்பதில்லை. கை உதறினாலே போதும்.

முறை எளிது. ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்க வேண்டும். டெஸ்டரால் லைன் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு 20 கிலோ ஓம், சில வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த பிடியோடு முனைகளில் சில நொடி வைத்தால் வடிந்துவிடும். அதன்பின் மீட்டரில் வோல்ட் பார்த்துவிட்டுத் தொட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் "பட்" என்று பொறி பறக்க விடுவது வீரம் மாதிரி இருக்கும். முனையும் கெடும், கெப்பாசிட்டரும் கெடும்.

மெக்கானிக்குகளைத் திட்டுகிறேனா?

இல்லை. மே மாதத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறி இறங்குகிறார் என்று பார்த்தவர்கள் அவரைத் திட்ட மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "சீக்கிரம் முடிங்க" என்றுதான் கேட்கிறோமே தவிர "சரியா முடிங்க" என்று கேட்பதில்லை. கடைக்காரர் 36 வைப்பதில்லை, 50 நன்றாக ஓடுகிறது என்கிறார். பலருக்கு மீட்டர் வாங்கிக் கொடுக்க முதலாளி இல்லை, கோர்ஸ் அனுப்ப ஆளில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற தொழில். அதில் சரியானதும் வரும், "பெருசா போடு"வும் வரும். அவரைச் சந்தேகத்தோடு விசாரிப்பதை விட, "அண்ணே, பழசு எவ்வளவு காட்டுது? புதுசு எவ்வளவு? அப்படியே பில்லுல எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொன்னால் போதும். நல்ல மெக்கானிக் இதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார். தன் வேலை புரிந்தவர் ஒருவர் கிடைத்தார் என்று சந்தோஷப்படுவார். மற்றவர் அடுத்த முறை மீட்டரோடு வருவார்.

"இவ்வளவு சின்ன சாமானுக்கு இவ்வளவு விசாரணையா?" என்று கேட்கலாம். சின்னதாக இருப்பதால்தான். ஏசிக்குள் நம்மால் பெயர் சொல்ல முடிந்த, எண்ணைப் படிக்க முடிந்த, எந்தக் கம்பெனி டப்பாவையும் போட முடிந்த பாகங்கள் மிகக் குறைவு. கெப்பாசிட்டர் அதில் ஒன்று. எண் பொருந்தினால் போதும், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இப்போது வரும் இன்வெர்ட்டர் ஏசிகளில் கம்ப்ரசருக்கு இந்த ரன் கெப்பாசிட்டரே கிடையாது. எலக்ட்ரானிக் போர்டு ஒன்றுதான் மோட்டாரைச் சுழற்றுகிறது. கரண்ட் மிச்சமாகிறது, நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பழுது வந்தால் அந்தப் போர்டு போகிறது. அதில் நாம் படிக்கும்படி எண் இல்லை, வேறு கம்பெனி போர்டு பொருந்தாது, விலை ஆயிரங்களில். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் வருகின்றன. நல்ல ஆரம்பம். ஆனால் "எனக்கு ரிப்பேர் விவரம் கொடு" என்று கம்பெனியைக் கேட்கும் பழக்கம், பக்கத்து மெக்கானிக்கிடம் "எத்தனை மைக்ரோ போட்டீங்க?" என்று கேட்காத மக்களுக்கு எப்படி வரும்?

அதனால் என் சிபாரிசு இதுதான். ஏசி நன்றாக ஓடும்போதே, எம்சிபியை இறக்கி யூனிட்டைத் திறக்கும் அடுத்த சர்வீஸ் நாளில், வயரிங் படத்தில் இருக்கும் மைக்ரோஃபாரட்டையும் வோல்ட்டையும் ஒரு பேப்பரில் எழுதி வாரண்டி கார்டோடு வைத்துவிடுங்கள். கம்ப்ரசருக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. கெப்பாசிட்டர் மாற்றும் நாளில் அந்தப் பேப்பரை மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழைய டப்பாவைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் எண் வந்த பிறகு காசைக் கொடுங்கள். கூடவே ஒரு சொம்பு மோரும் கொடுங்கள், மாடியில் வெயில் அதிகம்.